பூத்து நிற்கும் தோட்டத்தில் நடக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இளவேனில் முடியப்போகும் இந்த வாரங்களில் உங்கள் வீட்டுத் தோட்டம் முழுக்கப் பூத்திருக்கிறது. ரோஜா, ஐரிஸ், பியோனி, ஃபாக்ஸ்குளோவ் எல்லாம் இருக்கின்றன. தினமும் காலையில் ஒரு சுற்று வருகிறீர்கள், பத்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிடுகிறது. "பல வருடமாகத் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு மணி நேரம் நடக்கிறார்களே, அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? மூன்று வாரத்தில் எல்லாம் உதிர்ந்துபோகிறதே, நான் ஏதாவது தப்பு செய்கிறேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. பூ உதிர்வதற்கு முன்னும் பின்னும் செடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் ஒரு மணி நேரம் போதாது. உதிர்வது உங்கள் தப்பா இல்லையா என்பதும் அப்போது தானாகவே தெரிந்துவிடும்.

நான் தாவரவியல் படித்தவன். இருபத்து நான்கு வருடமாக வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்ததெல்லாம் குளிர்காலம் உள்ள இடங்களில். ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும். உங்கள் செடிகளின் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்குக் குளிர்காலம் உண்டு என்று தெரிகிறது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பூவின் பருவங்களுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு பெயர் பள்ளியில் படித்திருப்போம். பெரும்பாலோர் தோட்டத்துக்குப் போவது நடுவில் இருக்கும் மலரையும் அலரையும் பார்க்கத்தான். மற்ற ஐந்தும் கண்ணில் படாமலே போய்விடும். நீங்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு ரோஜாச் செடியை எடுத்துக்கொண்டு அதில் இந்த ஏழையும் தேடிப் பாருங்கள். இந்தப் பருவத்தில் நன்றாக வளர்ந்த ஒரு செடியிலேயே அநேகமாக எல்லாம் கிடைக்கும்.

முதல் சுற்று வெறுங்கையோடு போங்கள். இது என் பிடிவாதம். கையில் கத்தரி இருந்தால் கண் வெட்ட வேண்டியதை மட்டும் தேடும், குழாய் இருந்தால் காய்ந்த இடத்தை மட்டும் தேடும். இரண்டும் தேவையான வேலைதான். ஆனால் அதற்கு இரண்டாம் சுற்று இருக்கிறது. முதல் சுற்றில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு செடி முன்னும் மூச்சு நான்கைந்து விடும் நேரமாவது நில்லுங்கள். பனி காய்வதற்கு முன் போனால் வாசனையும் நன்றாக இருக்கும். வெயில் ஏற ஏற ரோஜாவின் நறுமண எண்ணெய் காற்றில் கலந்து போய்விடும். வாசனைத் தைலத்துக்காக ரோஜா பயிரிடுகிறவர்கள் விடியற்காலையில் பறிப்பது இதனால்தான்.

சரி, ரோஜாவிலிருந்தே தொடங்குவோம். இன்னும் விரியாத ஒரு முகையை எடுத்து, அதன் அடியில் இருக்கும் பச்சைப் புறவிதழ்களைப் பாருங்கள். ஐந்து இருக்கும். ஐந்தும் ஒன்றுபோல இருக்காது. இரண்டின் இருபுற ஓரத்திலும் சிறு சிறு இலைத் துணுக்குகள் தாடி போல நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டில் எந்த ஓரத்திலும் ஒன்றும் இருக்காது. மிச்சமுள்ள ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் தாடி. ஐரோப்பாவில் இதை வைத்துப் பழைய விடுகதையே உண்டு. ஐந்து சகோதரர்கள், இருவருக்குத் தாடி, இருவருக்கு இல்லை, ஒருவனுக்குப் பாதித் தாடி. காரணம் எளிமையானது. மொட்டுக்குள் இந்த ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று சுற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. இருபுறமும் வெளியே தெரிகிற இரண்டுக்குத் தாடி வளர இடம் கிடைத்தது, இருபுறமும் அடுத்ததால் மூடப்பட்ட இரண்டுக்கு இடம் இல்லை, ஒருபுறம் மட்டும் வெளியே இருந்ததற்குப் பாதி. காட்டு ரோஜாவில் இது பளிச்சென்று தெரியும், தோட்ட வகைகள் சிலவற்றில் கொஞ்சம் மங்கலாக இருக்கும். முதன்முதலில் இதைப் பார்த்த அன்று ஒரே செடியில் நாற்பது மொட்டை எண்ணினேன். இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தச் செடியைச் சும்மா கடந்துபோக முடியாது.

அப்புறம் அதே செடியில் வாடிய பூவுக்கு வாருங்கள். வீ, செம்மல் என்று சொல்கிறோமே, அந்தப் பருவம். இதழ் உதிர்ந்த இடத்தில் கீழே பச்சையாக ஒரு சிறு குமிழ் உருண்டுகொண்டிருக்கும். அதுதான் காயாகப் போவது. செடியைப் பொறுத்தவரை பூ என்பது விதைக்கான ஏற்பாடு. காய் பிடித்துவிட்டால் அதன் சத்தெல்லாம் அங்கே போகத் தொடங்கும், புதுப் பூவுக்கான வேகம் குறையும். அதனால்தான் வாடிய பூவை வெட்டிவிடச் சொல்கிறோம். திரும்பத் திரும்பப் பூக்கும் வகைகளில் இது நிச்சயமாகப் பலன் தரும். உங்கள் ரோஜா மூன்று வாரத்தில் ஓய்ந்துவிடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு முறை பூக்கும் பழைய வகைகளும் உண்டு. அவற்றை எத்தனை முறை வெட்டினாலும் அந்த வருடம் மறுபடி பூக்காது. அது செடியின் குணம், உங்கள் தப்பு இல்லை. அந்த வகையில் காய்கள் சிவந்து குளிர்காலம் வரை அழகாக நிற்குமானால் வெட்டாமல் விடுவதே மேல்.

எங்கே வெட்டுவது என்பதில் ஒரு விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐந்து சிற்றிலை உள்ள இலை வரை இறங்கி, அதற்கு மேலே வெட்ட வேண்டும் என்பார்கள். தடித்த தண்டிலிருந்து வலுவான கிளை வரும் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் எண்ணம். கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவ்வளவு இறங்கி வெட்டினால் இலையும் கூடவே போகிறது, இலைதான் செடிக்குச் சோறு. சின்னச் செடியிலும் மெலிந்த செடியிலும் பூவை மட்டும் காம்போடு கிள்ளி எடுப்பதே நல்லது என்பது என் அனுபவம். செழிப்பான செடியில் கொஞ்சம் இறங்கி, வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு மேல் வெட்டுவேன். இதேபோல இன்னொரு விதியும் சொல்வார்கள். ஏழு சிற்றிலை இருந்தால் அது ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வந்த காட்டுக் கிளை, எடுத்துவிட வேண்டும் என்று. அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல வகைகள் பலவற்றுக்கும் ஏழு சிற்றிலை உண்டு. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று கண்ணால் பாருங்கள். ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழே என்றால் மட்டும் எடுங்கள். அப்போதும் கத்தரியால் நறுக்காமல் கையால் கீழ்நோக்கி இழுத்துக் கிழித்தெடுப்பது நல்லது. நறுக்கினால் அடியில் மிஞ்சும் மொட்டுகளிலிருந்து இரண்டு மூன்றாகக் கிளம்பும்.

பியோனிக்கு வருவோம். மொட்டின் மேல் எறும்பு ஊர்கிறதே, மருந்து அடிக்கலாமா என்று நிறைய பேர் கேட்பார்கள். எறும்பு வந்தால்தான் மொட்டே விரியும் என்று நேர்மாறாக நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. பியோனி மொட்டின் வெளிப்புற இதழ்களில் இனிப்பு கசியும். காலை வெயிலில் சாய்ந்து பார்த்தால் கண்ணாடி மணி போல ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். எறும்பு அதைக் குடிக்கத்தான் வருகிறது. எறும்பு இல்லாமலும் மொட்டு விரியும், எறும்பு இருப்பதால் மொட்டுக்குக் கேடு ஒன்றுமில்லை. மொட்டைத் தின்ன வரும் வேறு பூச்சிகளை எறும்பு விரட்டுகிறது என்பது பொருத்தமான ஊகம். உங்கள் தோட்டத்தில் அதனால் எவ்வளவு பயன் என்று அளந்து சொல்லிவிட முடியாது, ஆனால் மருந்து அடிக்கக் காரணம் ஏதுமில்லை என்பது உறுதி.

ரோஜாவின் இளந்தளிரில் எறும்பைக் கண்டால் மட்டும் குனிந்து பாருங்கள். அது வேறு கதை. தளிரின் அடிப்புறத்தில் பச்சையாகப் பொடிப் பொடியாக அசுவினி இருக்கும். எறும்பு அவற்றை ஆடு மாடு போல மேய்க்கிறது. அசுவினி கழிக்கும் இனிப்பு நீர்தான் எறும்புக்குக் கூலி. இந்தப் பருவத்தில் அசுவினியில் எல்லாமே பெண். ஆணில்லாமலே குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறை ஏற்கெனவே வளரத் தொடங்கியிருக்கும். ஒரு வாரம் பார்க்காமல் விட்டால் தளிர் முழுக்க மூடிவிடுவது இதனால்தான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலானவை விழுந்துவிடும், மறுபடி ஏறி வருபவை கொஞ்சம்தான். மருந்தை எடுப்பதற்கு முன் அதே இலையின் அடியில் இன்னொன்றையும் தேடுங்கள். கறுப்பாக, நீளமாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை போல ஒரு புழு இருக்கலாம். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், பலர் அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியை நாளெல்லாம் தின்னும். அது இருக்கும் செடிக்கு மருந்து அடித்தால் உங்கள் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவனை நீங்களே கொன்றதாக ஆகும். நான் வழக்கமாக ஒரு வாரம் காத்திருப்பேன். பெரும்பாலும் அதற்குள் கணக்கு நேராகிவிடும்.

ஃபாக்ஸ்குளோவ் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள், முடிந்தால் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். நடப்பதில் நிற்பதும் சேர்ந்ததுதான். உயரமான அந்தத் தண்டில் பூ கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு மணிப்பூவுக்குள்ளும் முதலில் மகரந்தம் உதிரும். அது முடிந்த பிறகுதான் அதே பூவின் பெண் பாகத்தின் நுனியான சூலகமுடி மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். ஆக, எந்த நேரத்திலும் தண்டின் மேலே இருப்பவை மகரந்தம் தரும் இளம் பூக்கள், கீழே இருப்பவை மகரந்தம் வாங்கும் மூத்த பூக்கள். இப்போது அந்தக் குண்டான ரோமத் தேனீயைக் கவனியுங்கள், பம்பிள்பீ என்பார்கள். அது எப்போதும் அடிப் பூவில் நுழைந்து ஒவ்வொன்றாக மேலே ஏறும். கீழ்ப் பூக்களில்தான் தேன் அதிகம். உச்சியை நெருங்கும்போது உடம்பெல்லாம் மகரந்தம் பூசிக்கொண்டு, அடுத்த தண்டுக்குப் பறந்து மறுபடி அடியிலிருந்து தொடங்கும். அடியில் இருப்பவைதான் மகரந்தத்துக்குக் காத்திருக்கும் பூக்கள். ஒரே செடிக்குள் சேராமல் செடிவிட்டுச் செடி சேர இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிடம் இருந்தால் முழுச் சுற்றையும் பார்த்துவிடலாம்.

அந்தச் செடியைப் பற்றி இரண்டு நடைமுறை விஷயங்கள். அதன் எல்லாப் பாகமும் விஷம். வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785இல் அதை மருந்தாகப் பயன்படுத்தியதைப் பற்றி எழுதினார், பின்னால் இதய மருந்தே அதிலிருந்து வந்தது. மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. குழந்தைகள் இருந்தால் வாயில் வைக்கவிடாதீர்கள், வெட்டிய பிறகு கையைக் கழுவுங்கள். இன்னொன்று, அது பெரும்பாலும் இரண்டு வருடச் செடி. முதல் வருடம் இலை மட்டும், இரண்டாம் வருடம் பூ, பிறகு முடிந்துவிடும். அடுத்த வருடம் அது காணாமல் போனால் நீங்கள் கொன்றுவிட்டதாக எண்ண வேண்டாம். ஒன்றிரண்டு தண்டை வெட்டாமல் விதைக்க விட்டால் போதும், தானாக முளைத்துக்கொள்ளும்.

நிறம் மாறும் பூக்களையும் தேடிப் பாருங்கள். ஃபர்கெட்மீநாட் என்னும் அந்தச் சின்ன நீலப் பூவின் மொட்டு இளஞ்சிவப்பாக இருக்கும், விரியும்போது நீலமாகும். நடுவில் ஒரு மஞ்சள் வளையம் உண்டு. பூ முதிர்ந்ததும் அந்த வளையம் வெளுத்துப் போகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் இந்த வளையத்தைப் பார்த்துத்தான், பூவின் கோடும் புள்ளியும் பூச்சிக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி என்று சொன்னார். மஞ்சளாக இருந்தால் கடை திறந்திருக்கிறது, வெளுத்துவிட்டால் மூடியாகிவிட்டது. வெளுத்த பூவையும் செடி உதிர்க்காமல் வைத்திருப்பது தூரத்திலிருந்து வரும் பூச்சிக்குக் கூட்டம் பெரிதாகத் தெரிவதற்காக என்பது பரவலான விளக்கம். உண்ணிச்செடியிலும் இதே வேலைதான் நடக்கிறது. நடுவில் மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சும் சிவப்புமாக ஒரே கொத்தில் இருப்பவை வேறு வேறு வயதுப் பூக்கள்.

இனி அழகில்லாத ஒரு மூலைக்கு வாருங்கள். டாஃபடிலும் துலிப்பும் பூத்து முடிந்த இடத்தில் இலைகள் சாய்ந்து மஞ்சளடித்துக் கிடக்கும். மற்றதெல்லாம் பூத்திருக்கும்போது இது கண்ணை உறுத்தும். வெட்டிவிடலாமா என்று கை துடிக்கும். செய்யாதீர்கள். அடுத்த வருடப் பூவுக்கான சத்தை அந்த இலைதான் இப்போது கிழங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பூ முடிந்து குறைந்தது ஆறு வாரமாவது விட வேண்டும். தானாக மஞ்சளாகி இழுத்தால் கையோடு வரும்போது எடுத்தால் போதும். சிலர் அந்த இலைகளை மடக்கி முடிச்சுப் போடுவார்கள், பின்னலும் போடுவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் வெயில் படும் பரப்பு குறைந்துவிடும். முன்னால் ஏதாவது புதர்ச்செடி வைத்து மறைத்துவிடுவதுதான் நல்ல வழி.

இதோடு சேர்ந்தது கவாத்து விஷயம். என் முதல் சில வருடங்களில் ஒரு வீட்டில் பெரிய லைலாக் புதர் ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் வேலை குறைவு, அதனால் அதை அழகாகச் சீர்செய்து வெட்டினேன். இளவேனில் வந்தது, இலை வந்தது, ஒரு பூகூட வரவில்லை. அந்த வீட்டு அம்மாள் கோபப்படவில்லை. "என் கணவர் வைத்த செடி, இந்த வருடம் பூக்காதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. லைலாக் போல இளவேனிலில் பூக்கும் புதர்களுக்கு, இந்த வருடம் பூ முடிந்த கொஞ்ச நாளிலேயே அடுத்த வருட மொட்டு பழைய கிளையில் உருவாகத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் நான் வெட்டி எறிந்தது அத்தனையும் மொட்டு. அப்படிப்பட்ட புதர்களைப் பூ வாடிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வெட்டிவிட வேண்டும், அதாவது இப்போது. கோடையின் பிற்பகுதியில் புதுக்கிளையில் பூப்பவற்றுக்குத்தான் குளிர்காலக் கடைசியில் கவாத்து. உங்கள் தோட்டத்தில் ஏதாவது ஒரு புதர் மட்டும் பூக்கவில்லை என்றால், கடைசியாக எப்போது வெட்டினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டவே இல்லை என்றால் நிழல் கூடியிருக்கலாம், தழைச்சத்து உரம் அதிகமாகி இலை மட்டும் கொழித்திருக்கலாம். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். செடியைப் பார்க்காமல் எது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் மூன்று வாரக் கவலை. இளவேனிலில் பூப்பவையாகவே எல்லாச் செடியையும் வாங்கியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது எல்லோருக்கும் நடப்பது. நாற்றங்காலுக்கு நாம் போவது இளவேனிலில், அன்று பூத்திருப்பதைத்தான் வாங்குவோம், வீட்டிலும் அவை அதே வாரத்தில் பூக்கும். பிறகு ஓர் இடைவெளி விழும். தேனீ வளர்ப்பவர்களுக்கு இந்த இடைவெளி நன்றாகத் தெரியும், இளவேனில் பூக்கள் முடிந்து கோடைப் பூக்கள் தொடங்காத அந்த நாட்களில் கூட்டில் தேன் குறையும். இதைச் சரிசெய்ய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் சுற்று முடிந்ததும் தேதி போட்டு, இன்று எது அரும்பு விட்டது, எது விரிந்தது, எது உதிர்ந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் இப்படித்தான் எழுதத் தொடங்கினார். முதல் பூ எப்போது, ஓக் மரம் எப்போது துளிர்த்தது, தகைவிலான் பறவை எப்போது வந்தது என்று. அவர் குடும்பத்தார் அதை 1958 வரை தொடர்ந்தார்கள். பருவகாலம் எப்படி மாறுகிறது என்று ஆராய்பவர்களுக்கு இன்று அது பெரிய சொத்து. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரே ஒரு வருடக் குறிப்பு இருந்தாலே உங்கள் தோட்டம் எந்த வாரத்தில் வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வாரத்தில் நாற்றங்காலுக்குப் போய், அங்கே பூத்திருப்பதை வாங்குங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி கிடையாது.

செவ்வந்தி இருக்கிறதென்றால் அது இப்போது வெறும் இலையாக நிற்பதைப் பார்த்து உரம் போடாதீர்கள். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் அது மொட்டு விடும். செடிகள் பகல் நீளத்தைக் கணக்கிட்டுப் பூக்கின்றன என்பதை 1920இல் கார்னரும் அல்லார்டும் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். இப்போது நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பிரிந்து இலையுதிர் காலத்தில் நிறையப் பூக்கும். உங்கள் இடைவெளியை இல்லாவிட்டாலும் ஆண்டின் கடைசியையாவது அது நிரப்பும்.

தண்ணீர் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டாம் சுற்றில் அதுதான் முதல் வேலை. மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடியில் நின்று ஊறும்படி ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆழமாக ஊற்றுவது வேரைக் கீழே இழுக்கும். ரோஜா இலையை மாலையில் நனைக்காதீர்கள். கரும்புள்ளி நோயின் விதைத்துகள் இலைக்குள் நுழைய, இலை சுமார் 7 மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். இரவெல்லாம் நனைந்திருந்தால் அதற்கு வசதி. சாம்பல் நோய் இதற்கு நேரெதிர். அதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை, காற்றோட்டம் இல்லாத புழுக்கமே போதும். ஆகவே இலையை நனைக்காமல் இருந்தால் எல்லா நோயும் போய்விடும் என்று நினைத்துவிடக் கூடாது.

மதியத்தில் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்து இலையைச் சுட்டுவிடும் என்பதை நானும் பல வருடம் நம்பினேன். ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழவழப்பான இலையில் துளி ஒட்டிப் படுத்துக்கொள்வதால் வெயில் இலைமேல் குவியவில்லை, இலை கருகவில்லை. மெழுகு ரோமத்தின் மேல் துளியை உயர்த்திப் பிடிக்கும் சில இலைகளில்தான் கருகல் தெரிந்தது. மதியத்தில் ஊற்றினால் நீர் ஆவியாகி வீணாகும் என்பது உண்மை, அதற்காகக் காலையில் ஊற்றுங்கள். செடி வாடித் தொங்கினால் மதியம் என்று பார்க்காமல் ஊற்றிவிடுங்கள்.

ரோஜாவுக்கு எப்சம் உப்பு போட்டால் பூ கொட்டும் என்கிறார்களே, அது மண்ணில் மக்னீசியம் குறைவாக இருந்தால் மட்டும்தான் உதவும். மண்ணைச் சோதிக்காமல் போடுவது வீண், சில சமயம் கெடுதல். துலுக்கச் சாமந்தி நட்டால் பூச்சி வராது என்பதில் பாதி உண்மை. அதன் வேரில் சுரக்கும் பொருள்கள் மண்ணில் உள்ள சில வகை நூற்புழுக்களைக் குறைக்கும், அது நிரூபணமானது. ஆனால் அதற்கு இடம் முழுக்கக் கெட்டியாக நட்டு, ஒரு பருவமாவது விட வேண்டும். ஓரத்தில் நான்கு செடி வைத்தால் அசுவினி ஓடிவிடும் என்பதை நான் பார்த்ததில்லை. அழகுக்காக வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் காலையில் மட்டும் நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது சூரியன் விழுந்த பிறகு, விளக்குப் போடாமல் போய்ப் பாருங்கள். முதலில் சிவப்பு ரோஜா இருண்டு கறுப்பாகும், இலையோடு கலந்து காணாமல் போகும். அதே நேரத்தில் பகலில் கவனிக்காத நீல ஐரிஸ் தனியே ஒளிர்வது போல மேலெழுந்து வரும். வெளிச்சம் குறையும்போது நம் கண் வேறு வகை உணர்செல்களுக்கு மாறுகிறது. அவை சிவப்பை ஏறக்குறைய உணர்வதில்லை, நீலத்தையும் பச்சையையும் நன்றாக உணரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்துச் சொன்னதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நீலமும் வெள்ளையும் உட்காரும் இடத்துக்கு அருகில் இருக்கட்டும் என்று நான் எப்போதும் சொல்வது இதற்காகத்தான். வெளிச்சம் இன்னும் குறைந்ததும் வெள்ளைப் பூக்கள் மட்டும் மிஞ்சும். ஹனிசக்கிள் கொடி இருந்தால் அதன் பக்கத்தில் நின்று கொள்ளுங்கள். அன்று மாலை விரிந்தது வெள்ளையாக இருக்கும், முந்தைய நாட்களில் விரிந்தவை மஞ்சளாகியிருக்கும். காலையில் லேசாக இருந்த வாசனை இப்போது முகத்தில் வந்து மோதும், ஏனென்றால் அது அந்திப் பூச்சிகளுக்கான அழைப்பு. அசையாமல் பத்து நிமிடம் நின்றால், குருவி போல இறக்கையடித்துக்கொண்டு, பூவில் உட்காராமலே அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வரலாம். வராமலும் போகலாம். போன வாரம் எனக்கு மூன்று நாள் வரவில்லை, நான்காவது நாள் இரண்டு வந்தன.